பெட்ராவுக்கு ஒரு புதுக் குழல்

அத்தியாயம் 6

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பழைய பிக்கப் வண்டி மீது, அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மீது, வலிக்காத என் இடது முழங்கால் மீது சத்தியம். போன அத்தியாயத்தில் வந்த கரடி சற்றுப் பெரிதாக இருந்ததாகச் சிலர் குறைப்பட்டார்கள். இதில் அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. இதில் கரடி கிடையாது.

லேடில் க்ரீக்கில் துப்பறியும் வெர்னா கால்டரின் அலுவலகம் சலவைக் கடையின் பின்னறையில் இருக்கிறது. உலர்த்தி இயந்திரங்கள் ஓடும்போது அறை இதமாக இருக்கும். ஓடாதபோது, மொன்டானாவின் குளிரில் இருக்கிறோம் என்பது ஞாபகம் வரும். வெர்னா முப்பது வருடம் அரசாங்கத்துக்காக மாட்டின் மேல் போட்ட சூட்டுக்குறியைப் பரிசோதித்தவள். ஒரு பசுவின் இடுப்பில் உள்ள முத்திரையைப் பார்த்து, அது யாருடைய பசு, யார் திருடினார், திருடியவரின் மனைவிக்கு அது தெரியுமா என்பதுவரை சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றதும் மனிதர்கள் பக்கம் திரும்பினாள். மாடுகளைவிட மனிதர்கள் சுலபம் என்பது அவள் கட்சி. மாடு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாது.

நான் டெல்பர்ட், அவள் உதவியாளன். முன்பு செத்த மிருகங்களுக்குப் பஞ்சடைத்து உயிரோடு இருப்பதுபோல் நிறுத்தும் தொழில் செய்தேன். அந்த அனுபவம் ஊர்க்கூட்டங்களில் கைகொடுக்கிறது.

அன்று சனிக்கிழமை காலை. கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஹால்வர் லுண்டீன் உள்ளே வந்தார். ஒரு தோளில், கம்பளியில் சுற்றிய, குழல் கழற்றிய துப்பாக்கி. இரு கைகளிலும் விறகுபோல் மூன்று இரும்புக் குழல்கள்.

"பாஸ், குழாய் ரிப்பேர்க்காரர் வந்திருக்கார்," என்றேன்.

"வாயை மூடு, டெல்பர்ட். உக்காருங்க ஹால்வர்."

ஹால்வர் உட்கார்ந்தார். அவர் குடும்பம் நார்வேயிலிருந்து வந்து நான்கு தலைமுறை ஆகிறது. வரும்போது கொண்டுவந்த பேச்சை இன்னும் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு, இந்த வருடம் அவர் மீசையை வேறு வளர்த்து, அது கீழுதட்டையும் தாண்டித் தொங்கியது. பேசும்போது அதன் மேல் ஒரு கையையும் வைத்துக்கொண்டார்.

"பெட்ரா சுட மாட்டேங்குறா," என்றார்.

பெட்ரா என்பது துப்பாக்கி. அவருடைய தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி. அதன் தோட்டா என் கட்டைவிரல் பருமன் இருக்கும். அதைச் சுட்டால் சுட்டவர் பின்பக்கமும் அவர் தொப்பி முன்பக்கமும் போகும். ஹால்வரின் சித்தப்பா ஒருவர் அதை ஒரே ஒருமுறை சுட்டுவிட்டு, அதற்கு முந்தின வாரம் முழுவதையும் மறந்துபோனார். அந்த வாரத்தில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்திருந்தது.

"சுட மாட்டேங்குறான்னா? வெடிக்கலையா?"

"வெடிக்குது. போய்ச் சேர மாட்டேங்குது." அவர் கம்பளியைத் தடவினார். "நாளைக்குப் போட்டி."

அதைச் சொன்னதும் அறையில் இருந்த மூவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வாசகருக்கு நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளத்தாக்கின் மறுகரையில், எண்ணூறு கஜத்துக்கு அப்பால், இரும்புத் தகட்டில் வெட்டிய எருமை ஒன்று நிற்கிறது. வருடத்துக்கு ஒருநாள் எல்லோரும் பழைய துப்பாக்கிகளைக் கொண்டுவந்து அதைச் சுடுவோம். ஐந்து குண்டு. பட்டால் 'டங்' என்று மணிபோல் சத்தம் வரும். ஐந்தும் 'டங்' என்றால் அந்த வருடம் ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஹால்வர் நாற்பது வருடமாக ஐந்துக்கு ஐந்து அடித்து வந்தவர். ஆனால் ஒரு சிக்கல். பனிக்காலத்தில் அவர் வாசலில் வழுக்கி விழுந்தபோது, பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் வீடு விற்கும் அவர் மகள் சோல்வெய் பறந்து வந்தாள். மாதா கோயில் விருந்தில், ஊரே பார்க்க, தகப்பனும் மகளும் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார்கள். இந்த வருடமும் அவர் ஐந்தையும் அடித்தால் பண்ணையிலேயே இருக்கலாம். ஒன்று தவறினாலும் பண்ணையை விற்றுவிட்டு அவளோடு ஃபீனிக்ஸுக்குப் போக வேண்டும்.

"அங்க எனக்கு வீடு பாத்து வெச்சிருக்கா," என்றார் ஹால்வர். "போட்டோ காட்டுனா. வாசல்ல புல்லு இல்ல. கல்லைக் கொட்டிப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்காங்க."

ஆயுள் முழுக்கப் புல்லைப் பார்த்தே வாழ்ந்த மனிதர் அவர்.

"மே மாசம் பயிற்சிக்குப் போனேன். முதல் குண்டு எருமை மேல. ரெண்டாவது பக்கத்துல. மூணாவது வேற எங்கயோ. குழல் தேஞ்சு போச்சுன்னு நெனச்சேன். டுவேன்கிட்ட சொல்லிப் புதுக் குழல் போட்டேன். அதே கதை. இன்னொண்ணு போட்டேன். அதே கதை. மூணாவதும் அப்படித்தான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒண்ணைத் தேர்ந்தெடுத்தாகணும். யாரோ சதி பண்றாங்க."

"மே மாசத்துக்கு முன்னால நல்லா இருந்துச்சா?"

"மார்ச்சுல அஞ்சுக்கு அஞ்சு."

"ஏப்ரல்ல என்ன பண்ணீங்க?"

"ஏப்ரல்ல..." மீசை மேல் இருந்த கை இறுகியது. "பில்லிங்ஸுக்குப் போனேன். ஒரு காளை பாக்க."

"வாங்குனீங்களா?"

"பிடிக்கல."

"என்ன மாதிரிக் காளை?"

ஹால்வர் வெகுநேரம் யோசித்தார். "பெரிசு," என்றார்.

வெர்னா தலையாட்டினாள். "வேற ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

"நாய்ங்க."

"என்ன நாய்ங்க?"

"நான் சுடும்போது நாய்ங்க வந்து சுத்தி நிக்குது. போன வாரம் என் சாண்ட்விச்சைத் தூக்கிட்டுப் போச்சு."

"நாய்க்கு உங்க குறி பிடிச்சிருக்கு போல," என்றேன். "சும்மா நின்னாலே பத்திரம்னு தெரிஞ்சிருக்கும்."

வெர்னா என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் காளைகளை அடக்கிய பார்வை அது. நான் குழல்களைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.

* * *

டுவேன் துப்பாக்கி பழுதுபார்ப்பவன். உடம்பு குதிரைவண்டி அளவு, மனசு பிஸ்கட் மாதிரி. கல்யாணத்திலும் அழுவான், கால்பந்து ஆட்டத்திலும் அழுவான். அவனிடம் ஜட்ஜ் என்று ஒரு வேட்டை நாய். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நடுங்கும். துப்பாக்கிக் கடையில் பிறந்து வளர்ந்த நாய் அது. வேறு வேலை தேடிக்கொள்ளவும் அதற்கு வழியில்லை.

மேஜை மேல் மூன்று குழல்களையும் வைத்தோம்.

"இது எட்டுப் பட்டை," என்றான் டுவேன் முதலாவதைத் தொட்டு. "தாத்தா காலத்துல இருந்த மாதிரியே. பாரம் ஜாஸ்தி, ஆனா உதை கம்மி. இது உருண்டை. லேசு. மலையேறலாம். ஆனா உதைக்கும். இது பாதி பட்டை, பாதி உருண்டை."

"முடிவெடுக்கத் தெரியாதவங்களுக்கு," என்றேன்.

"உள்ள பாருங்க வெர்னா. வரித்தடம் திருகாணி மாதிரி சுத்திக்கிட்டுப் போகும். முதல்ல இருக்கறதுல மெதுவான சுத்து, குட்டைக் குண்டுக்கு. இதுல வேகமான சுத்து, நீளக் குண்டுக்கு. மூணாவது ரெண்டுக்கும் நடுவுல. மூணும் மூணு விதம். ஒண்ணு சுடுற மாதிரி இன்னொண்ணு சுடாது."

வெர்னா சுவரைப் பார்த்தாள். அங்கே மூன்று அட்டைகள் ஆணியில் தொங்கின. ஒவ்வொரு குழலையும் மாட்டி ஹால்வர் சுட்ட அட்டைகள். மூன்றிலும் ஒரே கோலம். முதல் ஓட்டை நடுவில், பொட்டு வைத்ததுபோல். இரண்டாவது சற்று விலகி. மூன்றாவது ஓரத்தில். நான்காவதும் ஐந்தாவதும் அட்டையிலேயே இல்லை; பின்னால் இருந்த டுவேனின் கோழிக்கூண்டில் இருந்தன.

"டுவேன், மூணு பேரைத் தனித்தனி அறையில வெச்சு விசாரிக்கறேன். மூணு பேரும் வேற வேற ஊரு. ஆனா மூணு பேரும் ஒரே பொய்யை, ஒரே வார்த்தையில சொல்றாங்க. என்ன அர்த்தம்?"

"சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன்."

"அப்ப குழல் மேல தப்பு இல்ல." அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இது உனக்கு முன்னாலயே தெரியும்."

டுவேனின் கண்ணில் நீர் கோத்தது. "தெரியும். அவர் போனப்புறம் நான் சுட்டுப் பாத்தேன். மூணு குழல்லயும் அஞ்சும் ஒரு சாசருக்குள்ள. வெர்னா, தப்பு அவர் மேல. கையோ கண்ணோ போயிருச்சு. அதை நான் எப்படி அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்? அதான் அடுத்த குழல், அடுத்த குழல்னு... நாலாவது ஒண்ணுக்குக்கூடச் சொல்லி வெச்சிருக்கேன்."

"அழாதப்பா," என்றேன். "இரும்பு துருப்பிடிக்கும்."

வெர்னா அட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கண்ணு போன ஆளு முதல் குண்டை மட்டும் எப்படி நடுவுல அடிப்பாரு? மூணு அட்டையிலயும்?"

டுவேன் அழுகையை நிறுத்தினான்.

"முதல் குண்டுக்கும் ரெண்டாவது குண்டுக்கும் நடுவுல என்னமோ நடக்குது. அதைப் பாக்கணும். அவரை வரச் சொல்லு. பழைய குழல் எங்க?"

டுவேன் தரையைப் பார்த்தான். பழைய குழல் கொல்லையில் இருந்தது. ஒரு தக்காளிச் செடி அதைப் பிடித்துக்கொண்டு ஆறடி ஏறியிருந்தது. வெர்னா செடியை அவிழ்த்து, குழலைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள். ஒரு தக்காளியைப் பறித்துத் தின்றாள்.

* * *

ஹால்வர் வந்தார். எட்டுப் பட்டைக் குழலைப் பெட்ராவில் மாட்டி, கொல்லையில் மணல்மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தார். ஜட்ஜ் ஏற்கெனவே என் வண்டிக்கு அடியில் புகுந்து, இரண்டு காதையும் முன்னங்காலால் பொத்திக்கொண்டிருந்தது.

பெட்ரா வெடித்தாள். அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் அடுத்ததற்கு அடுத்த வீட்டுக்குப் போயின. குண்டு அட்டையின் நடுவில்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பழைய துப்பாக்கிகளில் கறுப்பு வெடிமருந்து போடுகிறோம். சுட்டதும் குழலுக்குள் கரி படியும். எங்கள் வறண்ட காற்றில் அது காய்ந்து செங்கல்லாகிவிடும். அதன் மேல் அடுத்த குண்டு போனால் தாறுமாறாகத்தான் போகும். அதனால் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும், அடுப்பூதும் ஊதுகுழல் மாதிரி ஒரு சின்னக் குழாயைத் துப்பாக்கியின் பின்வாயில் செருகி, வயிற்றிலிருந்து மூச்சிழுத்து ஊதுவோம். மூச்சின் ஈரத்தில் கரி இளகும். போட்டியில் இதற்கு விதியே உண்டு: சுடுகிறவரே ஊத வேண்டும். அடுத்தவர் மூச்சு செல்லாது.

ஹால்வர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு ஊதினார். நானும் டுவேனும் அட்டையைப் பார்த்தோம். வெர்னா வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜ் காதிலிருந்து காலை எடுத்தது. வெளியே வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நேராக ஹால்வரிடம் போய், யாரோ கூப்பிட்டதுபோல் முன்னால் உட்கார்ந்தது. தெருமுனையிலிருந்து இன்னும் இரண்டு நாய்கள் ஓடிவந்தன. வேலியைத் தாண்டிப் பாதிரியாரின் நாயும் வந்தது. அது முழுதும் செவிடு என்று ஊருக்கே தெரியும்.

இரண்டாவது குண்டு அட்டையின் ஓரத்தில். மறுபடி ஊதினார். பள்ளிக்கூடத்து நாய் வந்தது. மூன்றாவது குண்டில் கோழிக்கூண்டின் கதவு திறந்துகொண்டது.

"போதும்," என்றாள் வெர்னா. பையிலிருந்து ஒரு கேரமல் மிட்டாயை எடுத்து ஹால்வரிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க."

ஹால்வர் அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேணாம். வயிறு சரியில்ல."

"அப்ப சரி. டுவேன், பெட்ராவுல பழைய குழலையே மாட்டு."

"பழசா? வெர்னா, அதுல தக்காளி..."

"தக்காளியைக் கழட்டிட்டு மாட்டு."

வண்டியில் ஏறியதும் கேட்டேன், "யார் பாஸ் குற்றவாளி?"

"நாளைக்குச் சொல்றேன்."

துப்பறிகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். முந்தின நாளே சொல்லிவிட்டால் புத்தகம் மெலிந்துபோகும்.

வழியில் மார்லிஸின் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். மார்லிஸ் கணவனை இழந்தவள். ஐந்து மாவட்டங்களில் அவள் பைக்கு நிகர் கிடையாது; பழத்தையும் பருப்பையும் மாவுக்குள் வைத்து அவள் சுட்டெடுத்தால் எதிரிகள் சமாதானம் ஆவார்கள். அவளைப் பார்த்தால் ஹால்வர் தொப்பியைக் கழற்றுவார். திரும்ப மாட்டிக்கொள்ள மறந்துவிடுவார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது.

"பீக்கன் கொட்டை பை ஒண்ணு, மார்லிஸ்."

"இல்ல, டெல்பர்ட். வாழைப்பழக் க்ரீம் இருக்கு. முட்டைக் கஸ்டர்ட் இருக்கு. பூசணி இருக்கு."

"வசந்தத்துலேர்ந்து இதையேதான் சொல்றே. கொட்டை எங்க போச்சு?"

"அணில் தூக்கிட்டுப் போச்சு," என்றாள் அவள், உதட்டை அதிகம் பிரிக்காமல்.

வெர்னா கஸ்டர்டைக் கரண்டியால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள். அது நடுங்கியது. அவள் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையை நான் இதற்குமுன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு மாவட்ட அதிகாரி ராஜினாமா செய்தார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். பள்ளத்தாக்கு முழுக்க வண்டிகள். காற்று கொஞ்சம் கம்மிதான். மனிதர்கள் நிமிர்ந்தே நடந்தார்கள். மைதானத்து ஓரத்தில் மார்லிஸ் தன் பைகளைப் பரப்பிய மேஜை. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் செருப்பும் பெரிய கறுப்புக் கண்ணாடியுமாகச் சோல்வெய்.

"அப்பா, ஊர் முன்னால உங்களுக்கு இந்தத் தலைகுனிவு வேணுமா? இப்பவே சரின்னு சொல்லுங்க. விமான டிக்கெட்கூட எடுத்துட்டேன்."

"பெயின்ட் காயட்டும்," என்றார் ஹால்வர். அவரிடமிருந்து அது பெரிய சொற்பொழிவு.

போட்டியில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து குண்டு எங்கே விழுந்தது என்று சொல்லலாம். ஹால்வருக்கு வெர்னா உட்கார்ந்தாள். பின்னால் நான். பெட்ராவின் பழைய குழலின் நுனியில் ஒரு தக்காளி இலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்ரா வெடித்தாள். எண்ணூறு கஜம். அந்தக் குண்டு போய்ச் சேர்ந்து சத்தம் திரும்பி வருவதற்குள் ஒரு மனிதன் தன் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்த்து, பிடிக்காத பக்கங்களைக் கிழித்துவிடலாம்.

டங்.

கூட்டம் கைதட்டியது. ஹால்வர் ஊதுகுழலைச் செருகி, முதுகைத் திருப்பி, மூச்சை இழுத்தார். பழக்கதோஷத்தில் ஜட்ஜும் மற்ற நாய்களும் அதற்குள்ளேயே வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. வெர்னா அவர் தோளில் கை வைத்தாள்.

"ஊதாதீங்க. முதல்ல வாயில இருக்கறதைக் கழட்டுங்க."

ஹால்வர் கல்லானார். "வாயில என்ன இருக்கு?"

"பில்லிங்ஸ்ல பாத்த காளை. ஹால்வர், முப்பது வருஷமா இந்தப் பள்ளத்தாக்குல என் கண்ணுல படாம ஒரு காளையும் நுழைஞ்சதில்ல. நீங்க காளை பாக்கப் போனா, ரெண்டு மாசம் அதோட காலு, கொம்பு, அப்பன் பேரு எல்லாம் சொல்லுவீங்க. 'பெரிசு'ன்னா சொல்லுவீங்க? நீங்க போனது பல் டாக்டர்கிட்ட. மேலயும் கீழயும் பொய்ப்பல். மறைக்கத்தான் மீசை. ஊதும்போது செட்டு எழும்புது, காத்தெல்லாம் பக்கவாட்டுல விசிலடிச்சுக்கிட்டு வெளிய போகுது. மனுஷக் காதுக்குக் கேக்காத விசில். நாய்க்குக் கேக்கும். குழலுக்குள்ள ஒரு சொட்டு ஈரம் போறதில்ல. கரி காய்ஞ்சு கல்லாகுது. அதனாலதான் முதல் குண்டு மட்டும் எப்பவும் சரியாப் போகுது. கையில தப்பில்ல, கண்ணுல தப்பில்ல, மூணு புதுக் குழல்லயும் தப்பில்ல, இந்தப் பழசுலயும் தப்பில்ல. மாத்த வேண்டியது குழலை இல்ல."

நான் வாயடைத்துப் போனேன். இது நடப்பது அபூர்வம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

"கழட்ட மாட்டேன்," என்றார் ஹால்வர்.

"பண்ணை போயிரும்."

"தெரியும்." அவர் கண் மைதானத்து ஓரத்துக்குப் போனது. "மார்லிஸ் பாக்கறா. அவளுக்காகத்தான் கட்டுனதே. இலையுதிர் கால டான்ஸுக்கு அவளைக் கூப்பிடலாம்னு... பொக்கை வாயோட எப்படிக் கூப்பிடறது?"

"அடுத்த குண்டு!" என்று கத்தினார் நடுவர்.

வெர்னா என் பக்கம் திரும்பினாள். "டெல்பர்ட். போய் மார்லிஸை இந்தப் பக்கம் பாக்க விடாம பண்ணு. நாலு குண்டு முடியற வரைக்கும்."

"எப்படி பாஸ்?"

"உனக்குத்தான் வாய் இருக்கே."

பை மேஜையை நோக்கி ஓடினேன். வழியில் எந்த யோசனையும் வரவில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒன்று வந்தது, அதைச் சரிபார்க்க நேரமில்லை. மார்லிஸுக்கு நேர் முன்னால், அவள் கண்ணுக்கும் ஹால்வருக்கும் நடுவில், ஊர் பார்க்க, ஒரு முழங்காலில் மண்டியிட்டேன். வலிக்கிற முழங்கால்.

"மார்லிஸ்," என்றேன். "என்னைக் கட்டிக்கிறியா?"

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. பின்னால் ஹால்வர் தலையைக் குனிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. சட்டைப்பையில் ஏதோ விழுந்தது. பிறகு ஒரு நீளமான மூச்சு, ஏரிக்கரைக் காற்று மாதிரி.

அப்போதுதான் அது நடந்தது. ஹால்வரைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாய்கள் ஒன்றையொன்று பார்த்தன. எழுந்தன. பெட்ரா வெடித்ததும், நாய்கள் செய்ய வேண்டியபடி, வாலைக் கவட்டியில் இடுக்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. எல்லாவற்றுக்கும் முன்னால் ஜட்ஜ்.

டங்.

"பதில் சொல்லு, மார்லிஸ்," என்றேன். "உனக்குத் தரப் பெரிய வீடு இல்ல. ஆனா பஞ்சடைச்ச கழுதை ஒண்ணு இருக்கு. என்கிட்ட."

"டெல்பர்ட்," என்றாள் அவள், "நீங்க மண்டி போட்டிருக்கறது என் பூசணிப் பை மேல."

உண்மைதான். இதமாக இருந்தது.

டங்.

"அது கிடக்கட்டும், என்னைப் பாரு. இந்தக் கண்ணைப் பாரு. எங்கயும் திரும்பாதே."

"நான் எதுக்குத் திரும்பணும்? அவர் கழட்டிட்டாரா?"

"யார் கழட்டிட்டாரா?"

"ஹால்வர். பல்லை." அவள் என் காதருகே குனிந்தாள். "ஏப்ரல்ல பில்லிங்ஸ்ல அந்தப் பல் டாக்டர்கிட்ட நானும்தான் உக்காந்திருந்தேன். அவரைப் பாத்ததும் பத்திரிகையை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டேன். அவரும் பத்திரிகையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் தலைகீழாப் படிச்சோம். நான்னு அவருக்குத் தெரியாது. எதுக்கு நான் ஆறு மாசமா கஸ்டர்டே போடறேன்னு நெனச்சீங்க? எனக்கும் கடிக்க முடியல, அவருக்கும் கடிக்க முடியாது."

டங்.

நான்கு. கூட்டத்துக்கு இப்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. சோல்வெய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். தகப்பனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு அவள் சின்ன வயதில் பார்த்த முதுகு மாதிரியே நேராக இருந்தது.

ஹால்வர் ஐந்தாவது குண்டுக்காக ஊதினார். தோட்டாவைப் போட்டார். மெதுவாகச் சாய்ந்தார். காற்று ஒருமுறை வீசி நின்றது. பெட்ரா வெடித்தாள், அவர் தொப்பி முன்னால் பறந்தது.

சத்தம் வரவில்லை.

வரவே இல்லை. யாரோ ஒரு குழந்தை 'ஐயோ' என்றது. டுவேன் வழக்கம்போல் அழ ஆரம்பித்தான். சோல்வெய் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். அதைப் பார்த்த அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

வெர்னா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினாள்.

மறுகரையில் அந்த இரும்பு எருமை மெல்ல, மிக மெல்ல, பின்பக்கமாகச் சாய்ந்தது. நாற்பது வருடமாக அவர் அடித்த இடத்திலேயே அடித்துத் தேய்ந்த அதன் கால் இந்தக் குண்டில் அறுந்துபோயிருந்தது. அது பாறை மேல் விழுந்தது.

டங்ங்ங்ங்ங்.

அந்தச் சத்தம் மாலை வரைக்கும் பள்ளத்தாக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. நாய்கள் மறுநாள்தான் திரும்பின.

ஹால்வர் நடந்து வந்தார். தொப்பி இல்லை. பல் சட்டைப்பையில் இருந்தது. மகள் முன்னால் நின்றார்.

"உங்க பல்லு..." என்றாள் சோல்வெய்.

"ஃபீனிக்ஸுக்கு அனுப்பி வைக்கிறேன். அது போகட்டும்," என்றார்.

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், டிக்கெட்டை நாலாகக் கிழித்தாள். பிறகு அவர் பை மேஜைப் பக்கம் திரும்பி, மீசையின் மேல் கையை வைத்தார். மார்லிஸ் அந்தக் கையை எடுத்துக் கீழே இறக்கினாள். ஒரு தட்டில் கஸ்டர்ட் வெட்டி வைத்தாள். முள்கரண்டி வைக்கவில்லை. இரண்டு ஸ்பூன் வைத்தாள். அப்புறம் தலையைத் திருப்பி, கைக்குட்டைக்குள் எதையோ வைத்து மடித்தாள். திரும்பி ஹால்வரைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள். வாயில் வேறு எதுவும் இல்லை.

"டான்ஸுக்கு வர்றியா?" என்றார் அவர்.

"டெல்பர்ட்டுக்கு இன்னும் பதில் சொல்லல," என்றாள் அவள்.

"அவசரம் இல்ல, மார்லிஸ்," என்றேன் தரையிலிருந்து. "யாராவது என்னைத் தூக்கிவிட்டாப் போதும்."

மூன்று புதுக் குழல்களையும் டுவேன் தக்காளிக்கு நட்டுவிட்டான். எட்டுப் பட்டையில்தான் செடி நன்றாக ஏறுகிறது என்கிறான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஹால்வர் லுண்டீனுக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். இந்த அத்தியாயத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவர் பீக்கன் கொட்டையைக் கடித்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.